‘சமத்துவம்’ என்னும் சொல்லுக்குப் பொருள் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ் அகராதித் தொகுப்பாளர்களுக்கு,

வணக்கம். ‘சமத்துவம்’ என்ற சொல்லுக்கு ‘ஒரே மாதிரியாக இருக்கும் தன்மை’ என்று ஒற்றை வரியில் பொருள் தந்து நகர்ந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். அந்த வரியைப் படிக்கும் மாணவர், ஒருவரைப் போல் இன்னொருவர் இல்லாத உலகில் சமத்துவம் எப்படி இயலும் என்று கேட்டால், அவரைத் தவறான இடத்தில் கொண்டு நிறுத்தியது நாம் எழுதிய பொருளாகவே இருக்கும்.

‘சமம்’ என்னும் வடசொல்லோடு தன்மை குறிக்கும் ‘துவம்’ சேர்ந்து பிறந்தது இச்சொல். பகவத் கீதையின் 2ஆம் அத்தியாயம், 48ஆம் சுலோகத்தில், வெற்றியிலும் தோல்வியிலும் கலங்காத மனநிலைக்கே இப்பெயர். அங்கே தனியொருவரின் உள்ளத்தைக் குறித்த சொல், இன்று மனிதருக்கும் மனிதருக்கும் இடையிலான உறவைக் குறிக்கிறது. அதன் வரலாற்றில் இதைவிடப் பெரிய மாற்றம் எனக்குத் தெரிந்து வேறில்லை. இரு பொருளையும் வரிசை முறைப்படி நீங்கள் பதிவுசெய்ய வேண்டும்.

சொல் வடமொழி வழி வந்ததால் கருத்தும் இரவல் என்பாரை என்னால் ஏற்க இயலவில்லை. ‘பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும்’ என்ற 972ஆம் குறளில் ‘ஒ’ என்னும் தமிழ் வேரே அக்கருத்தைத் தாங்கி நிற்கிறது. ‘ஒப்புரவு’ம் அவ்வேரினதே; எனினும் 22ஆம் அதிகாரத்தில் அது உலகநடை அறிந்து பிறர்க்கு உதவுவதையே குறிப்பதால், இன்றைய பொருளை அதன்மேல் ஏற்றிவிடாமல் இரண்டையும் பிரித்துக் காட்டுவதே நேர்மை. ‘சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்’ என்னும் 118ஆம் குறளோ எனக்கு இன்னும் நெருக்கமானது. தட்டில் வைக்கும் பொருள்கள் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. நிறுக்கும் கோல் ஒரு பக்கம் சாயாதிருக்க வேண்டும் என்கிறது.

நம் அரசமைப்புச் சட்டமும் இப்பொருளிலேயே நடக்கிறது. சட்டத்தின்முன் சமத்துவத்தை எவருக்கும் மறுக்கலாகாது என்று அரசுக்குச் சொல்லும் 14ஆம் பிரிவை அடுத்தே, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி ஏற்பாடு செய்ய 15ஆம் பிரிவு இடமளிக்கிறது. கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பங்கிட்ட சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணை நீதிமன்றத்தில் வீழ்ந்தபின், 1951ஆம் ஆண்டின் முதல் திருத்தம் சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கியோரையும் அதில் சேர்த்தது. சமத்துவம் என்பது ஒரே மாதிரி நடத்துவது மட்டுமே என்றால் இவ்விதிகள் விலக்காகத் தோன்றும். சாய்ந்த கோலை நிமிர்த்துவது என்றால் இவையே அதன் நிறைவேற்றமாகும்.

ஆகவே, அடுத்த பதிப்பில் ‘பிறப்பு, சாதி, பால், செல்வம் முதலியவற்றால் ஏற்றத்தாழ்வு கொள்ளாது, மனிதர் அனைவரையும் ஒரே மதிப்புக்கும் உரிமைக்கும் உரியவராகக் கொள்ளுதல்’ என்பதை முதற்பொருளாகத் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தமிழ் வாசகர் ஒருவர்