சாய்ந்த மரத்தில் இருந்த மஞ்சள் குறி

அன்புள்ள கண்ணம்மா,

மலைநடை எப்படி இருந்தது என்று போனில் நீ கேட்டபோது, "நல்லா இருந்ததும்மா, கொஞ்சம் லேட்டாயிடுச்சு, அவ்வளவுதான்" என்று முடித்துவிட்டேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், அதனால்தான். அடுத்த வாரம் நீயும் உன் தோழியும் இதே மாதிரி ஒரு மலைப்பாதைக்குப் போகப்போவதாகச் சொன்னாய். அதற்கு அப்புறமும் அந்தக் "கொஞ்சம் லேட்" எவ்வளவு என்பதை உன்னிடம் மறைப்பது எனக்கே சரியாகப் படவில்லை. போகாதே என்று சொல்வதற்காக எழுதவில்லை. அறுபதை நெருங்குகிற நானே போய்வருகிறேன், உன்னைத் தடுத்தால் சிரிப்பாய்.

மாமாவும் நானும் போனது 11 கிலோமீட்டர் பாதை. ஒரு பக்கமாக ஏறி, மேட்டைத் தாண்டி, மறுபக்கமாகச் சுற்றிக்கொண்டு கார் நிற்கும் இடத்துக்கே வந்து சேரும். ஏற்றம் மொத்தம் 600 மீட்டர். கணக்கெல்லாம் போட்டுத்தான் கிளம்பினோம். 1892இல் நெய்ஸ்மித் என்கிற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு ஒன்று இருக்கிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். எங்களுக்கு அது 3 மணி 12 நிமிடம் என்று வந்தது. ஓய்வுக்கு முக்கால் மணி சேர்த்தால் நாலு மணி நேரம். காலை 10.45க்குக் கிளம்பினால் மூன்று மணிக்கு முன்னால் காரில் இருக்கலாம். சூரியன் மறைவது 4.50க்கு. தாராளமாக நேரம் இருப்பதாகத்தான் தோன்றியது.

அந்தக் கணக்கு நல்ல உடல்வாகு உள்ளவர்கள் சுலபமான தடத்தில் நடப்பதற்கானது. கணுக்கால் அளவு பனியில், மரத்தில் அடித்த ஒவ்வொரு வழிக்குறியையும் நின்று தேடிக்கொண்டு, நடுநடுவே மாமாவின் முழங்கால் புராணத்தையும் கேட்டுக்கொண்டு நடப்பவர்களுக்கு அது பொருந்தாது.

கோடைக்காலத்தில் பாதை தானாகவே தெரியும். பல பேர் மிதித்து மிதித்து மண் தேய்ந்திருக்கும், நம் கால் தானாகவே அதில் போகும். குளிர்காலத்தில் முதலில் இலை விழுந்து மூடுகிறது, அதன்மேல் பனி மூடுகிறது. இலையில்லாத காட்டில் இரண்டு மரங்களுக்கு நடுவே இருக்கிற எந்த இடைவெளியும் பாதை மாதிரியே தெரியும். நம்புவதற்கு மரத்தில் அடித்த குறி ஒன்றுதான். இந்தப் பாதையின் குறி மஞ்சள், உள்ளங்கை நீளத்துக்கு ஒரு பட்டை. யாரோ எப்போதோ அடித்தது, பாதி உரிந்துபோயிருந்தது. போதாக்குறைக்கு அந்தக் காட்டு மரப்பட்டைகளில் படரும் பாசியும் மஞ்சள். தூரத்திலிருந்து பார்த்து "இதோ குறி" என்று ஓடிப்போய்ப் பாசி முன்னால் நின்றது எத்தனை தடவை என்று எண்ணவில்லை. சாயங்காலத்துக்குள் ஒன்று பிடிபட்டது. பாசியின் விளிம்பு கிழிந்த மாதிரி இருக்கும், பிரஷ்ஷால் இழுத்த பெயிண்டுக்கு ஒரு பக்கமாவது நேர்க்கோடு இருக்கும்.

மேடு வரைக்கும் பிரச்சினையில்லை. ஒரு மணிக்கு மேலே நின்றோம். கீழே இருந்ததைவிடக் குளிர் அதிகம்தான். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும், அப்படியானால் எங்கள் 600 மீட்டருக்கு நாலு டிகிரி. காற்று அதைவிட மோசமாக இருந்தது. சீக்கிரமே இறங்க ஆரம்பித்தோம்.

இறக்கத்தில் ஒரு பெரிய மரம் குறுக்கே விழுந்துகிடந்தது. சுற்றிக்கொண்டு தாண்டினோம். தாண்டிய உடனே பனியில் காலடித் தடம், ஒரே ஆளுடையது, ஒன்றிரண்டு நாள் பழசு. அப்பாடா என்று இருந்தது. அதற்கப்புறம் குறி பார்ப்பதை விட்டுவிட்டு, மாமா முன்னால், நான் பின்னால், அந்தத் தடத்திலேயே ஜாலியாகப் பேசிக்கொண்டு நடந்தோம். உன்னைப் பற்றியும் பேசினோம். ஐம்பது நிமிடம்.

தடம் ஒரு பாறை ஓரத்தில் போய் நின்றது. அங்கே பனி நன்றாக மிதிபட்டிருந்தது, யாரோ நின்று நாலு பக்கமும் திரும்பிப் பார்த்திருக்கிறார். குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு தடத்தின் மேலும் இன்னொரு தடம் லேசாக விலகிப் பதிந்திருந்தது, அதன் நுனி எங்களைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அந்த மனுஷரும் வழி தப்பி வந்து, பாறையைப் பார்த்துவிட்டு, வந்த தடத்திலேயே திரும்பிப் போயிருக்கிறார். அவருடைய தப்பை நாங்கள் ஐம்பது நிமிடம் நம்பி நடந்திருக்கிறோம்.

"நீதானே குறி பார்த்துட்டு வந்தே?" என்றார் மாமா.

"நான் உன் பின்னாடிதானேடா வந்தேன்? முன்னாடி போறவன் பார்க்க மாட்டானா?"

"பின்னாடி வர்றவன் சும்மாதானே வர்றான், அவன் பார்க்க மாட்டானா?"

இதற்காகத்தான் உனக்கு இந்தக் கடிதமே. தனியாகப் போயிருந்தால் அவரும் பார்த்திருப்பார், நானும் பார்த்திருப்பேன். இரண்டு பேராகப் போனதால் இரண்டு பேருமே பார்க்கவில்லை. இன்னும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். குறியைப் பார்த்து ரொம்ப நேரமாகிவிட்டதே என்று எனக்கு இருபதாவது நிமிடமே நெஞ்சுக்குள் ஒரு உறுத்தல். பேச்சு நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது எப்படிச் சொல்வது, பயந்தாங்கொள்ளி என்பானே என்று விழுங்கிவிட்டேன். பிற்பாடு கேட்டால், அவருக்கும் அதே உறுத்தல் இருந்ததாம், அவரும் விழுங்கிவிட்டாராம். முப்பது வருஷ சிநேகிதம், எதை எதையோ பேசியிருக்கிறோம், "வழி சரியா தெரியலைடா" என்று சொல்ல இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை.

போனை எடுத்தேன். 38 சதவீதம் காட்டியது. சிக்னல் இல்லை. சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், நாம் நிற்கும் புள்ளியைக் காட்டும். ஆனால் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்திருக்க வேண்டும். நான் வைக்கவில்லை. வெறும் கட்டங்களுக்கு நடுவே ஒரு நீலப் புள்ளி மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றதில் போன் அணைந்துபோனது. குளிரில் பேட்டரி அப்படித்தான் செய்யும், சார்ஜ் உள்ளே இருந்தாலும் வெளியே தராது. உள்சட்டைப் பையில் உடம்போடு ஒட்டி வைத்தேன், பிற்பாடு உயிர் வந்தது.

அதற்குள் எங்களுக்குள் சண்டை. ஓடைச் சத்தம் கேட்கிறது, ஓடை கீழேதான் போகும், அதோடு போனால் ரோடு வந்துவிடும் என்பது மாமாவின் கட்சி. ஓடை கீழேதான் போகும், ஆனால் அது செங்குத்துப் பாறையிலும் குதிக்கும், நம்மால் குதிக்க முடியாது என்றேன். அப்படியானால் காட்டுக்குள் நேராக வெட்டிப் போகலாம் என்றார். நேராக நடக்கிறோம் என்று நினைப்பதே பெரிய மயக்கம். 2009இல் ஜெர்மனியில் ஆய்வாளர்கள் சிலரைக் காட்டுக்குள் நேராக நடக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். மேகம் மூடிய நாளில் நடந்தவர்கள் தங்களை அறியாமலேயே வட்டமடித்து, நடந்த வழியையே தாண்டிப் போயிருக்கிறார்கள். சூரியன் தெரிந்தவர்கள் மட்டும் ஓரளவுக்கு நேராகப் போனார்கள். எங்களுக்கு அன்றைக்கு மேகம்.

கால் மணி நேரம் இப்படி நின்று வாதாடியதில்தான் விபரீதம் ஆரம்பித்தது. மாமா உள்ளே பருத்தி பனியன் போட்டிருந்தார். ஏறும்போது வேர்த்து அது முழுக்க ஈரம். நடக்கும்வரை தெரியவில்லை, நின்றதும் நடுங்க ஆரம்பித்தார். தண்ணீர் காற்றைவிட இருபது இருபத்தைந்து மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும், ஈரத்துணி உடம்பில் ஒட்டியிருந்தால் சும்மா விடுமா? ஜாக்கெட் ஜிப்பைப் போட முயன்றார், விரல் பிடிக்கவில்லை. பேச்சில் ஒரு குழறல். "கொஞ்சம் உட்கார்றேன்டா" என்றார். அந்தக் குரல்தான் என்னைப் பயமுறுத்தியது. உடம்பின் உள்வெப்பம் 37 டிகிரியிலிருந்து 35க்குக் கீழே இறங்கினாலே ஆபத்து. அதில் முதலில் கெட்டுப்போவது விரலும் புத்தியும். தனக்கு அப்படி ஆகிறது என்று அந்த ஆளுக்கே தெரியாது.

என்னிடம் ஒரு கம்பளிச் சட்டை அதிகமாக இருந்தது. "இந்தக் குளிர்ல பனியனைக் கழட்டச் சொல்றியே, பைத்தியமா உனக்கு?" என்று கத்தினார். கத்தட்டும் என்று நானே கழற்றிவிட்டேன். முதுகுப்பையின் நெஞ்சுப் பட்டைக் கொக்கியை அவுக்க விரல் வராமல் பல்லால் கடித்து இழுத்தார் பார், "பீப்" என்று ஒரு சத்தம்! கொக்கிக்குள்ளேயே விசில். மூன்று வருஷமாக அந்தப் பையைச் சுமக்கிறார், இரண்டு பேருக்கும் தெரியாது. உன் பையையும் இப்போதே எடுத்துப் பார். நிமிடத்துக்கு ஆறு தடவை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆறு ஊதுவதுதான் மலையில் ஆபத்துக்கான சங்கேதம். கேட்டவர்கள் நிமிடத்துக்கு மூன்றாகப் பதில் ஊதுவார்கள்.

காய்ந்த கம்பளியும், பிளாஸ்க்கிலிருந்த சூடான தண்ணீரும், மறுபடி நடையும் சேர்ந்து அரைமணியில் மாமா பழையபடி என்னைத் திட்ட ஆரம்பித்தார். அதைக் கேட்டு எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்ல முடியாது.

வந்த தடத்திலேயே ஏறினோம். இறங்கியது ஐம்பது நிமிடம், ஏற ஒன்றே கால் மணி நேரம். விழுந்துகிடந்த மரத்துக்கு வந்தபோது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. ஏதோ தோன்றி, அடிமரத்தின் மேலிருந்த பனியைக் கையுறையால் தள்ளினேன். மஞ்சள். ஒன்றல்ல, இரண்டு பட்டை, ஒன்றின்மேல் ஒன்று, மேலது சற்று வலப்பக்கம் தள்ளி. பல இடங்களில் அதற்கு "இங்கே திரும்பு" என்று பொருள். திரும்பச் சொல்லும் குறி இருந்த மரமே விழுந்து, பனியில் புதைந்துகிடந்திருக்கிறது. அதன்மேல் கையை ஊன்றித்தான் நாங்கள் மத்தியானம் தாண்டியிருக்கிறோம்.

அப்புறம் இருட்டு. நீ வாங்கிக்கொடுத்த தலைவிளக்கு என் பையில் இருந்தது. அவரிடம் ஒன்றும் இல்லை, மூன்று மணிக்குத் திரும்புகிறவனுக்கு எதற்கு விளக்கு என்று வைத்துவிட்டு வந்திருக்கிறார். இரண்டு பேருக்கு ஒரே விளக்கு. இப்படிச் செய்தோம். ஒருவர் குறியுள்ள மரத்தைக் கையால் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும், நகரவே கூடாது. மற்றவர் விளக்கோடு, குரல் கேட்கும் தூரத்துக்குள் அடுத்த குறியைத் தேட வேண்டும். கிடைத்தால் ஒரு விசில், நிற்பவர் வரலாம். கிடைக்காவிட்டால் மரத்துக்கே திரும்பிவிட வேண்டும். சில இடங்களில் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்தால்தான் குறி தெரிந்தது, எதிரே வருகிறவர்களுக்காக அந்தப் பக்கம் அடித்தது. ஒரு கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம் ஆனது. ஆனால் அந்த நேரத்தில் ஒரு குறியைக்கூட நாங்கள் தவறவிடவில்லை. இருட்டில் மரத்தைத் தொட்டுக்கொண்டு, விளக்கு தூரத்தில் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு விசிலுக்காகக் காத்திருந்த அந்த நிமிடங்களைப் பற்றி இன்னொரு நாள் சொல்கிறேன்.

காருக்கு வந்தபோது மணி 7.40. அம்மாவிடம் "சாயங்காலம் வந்துடுவேன்" என்று மட்டும் சொல்லியிருந்தேன். எந்த மலை, எந்தப் பக்கம், கார் எங்கே நிற்கும், எத்தனை மணிக்கு மேல் உதவிக்குக் கூப்பிட வேண்டும், ஒன்றுமே அவளுக்குத் தெரியாது. அதற்காக நான் வெட்கப்படுகிறேன். நீ போகிற அன்று இந்த நாலையும் எனக்கு எழுதி அனுப்பிவிடு. நேரம் தாண்டினால் நான் உன்னைக் கூப்பிட்டுத் தொல்லை பண்ண மாட்டேன், நேராக மீட்புக்காரர்களைத்தான் கூப்பிடுவேன், அதனால் நேரத்தைத் தாராளமாகவே போடு. அப்புறம் உன் தோழியிடம் கிளம்பும்போதே கேட்டுவை: குறி பார்ப்பது யார், எப்போது மாற்றிக்கொள்வது என்று.

நேற்று மாமா போன் பண்ணினார். கம்பளி பனியன் இரண்டும் தலைவிளக்கு இரண்டும் வாங்கியிருக்கிறாராம். இரண்டாவது விளக்கு எதற்கு என்றேன். "நீ உன்னோடதை மறந்துட்டு வருவேடா" என்றார். அடுத்த மாதம் அதே பாதைக்குப் போகிறோம், காலை எட்டுக்கே. அம்மாவிடம் அதைச் சொல்லிவிட்டேன். 7.40ஐ மட்டும் இன்னும் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

அன்புடன்,
அப்பா