இட்லிப் பானையில் ஒகோவா

நிஷி கசாய், டோக்கியோ

அன்புள்ள சொக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஆச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் எல்லோருக்கும் நிம்மதி. கறுப்புக் கண்ணாடியோடு அடுப்படிக்குள் போய் நிற்கிறார் என்று எழுதியிருந்தாய். அவரை யாரால் தடுக்க முடியும்?

இங்கே ஊர்ப் பேச்சு கொஞ்ச நாளாக அரிசி விலைதான். 2024 கோடையில் பல கடைகளில் அரிசி அடுக்கும் இடமே காலியாகக் கிடந்தது. 2,000 யென் சொச்சத்துக்கு வாங்கிக்கொண்டிருந்த 5 கிலோ பை அடுத்த ஆண்டு மார்ச்சில் 4,000 யென்னைத் தாண்டியது. அரசாங்கம் இருப்பில் வைத்திருந்த அரிசியை ஏலம் விட்டும் விலை உடனே இறங்கவில்லை. சோற்றுக்குப் பதில் நூடுல்ஸ் தின்னலாமே என்று நீ கேட்பாய். ஜப்பான்காரன் விலையைத் திட்டிக்கொண்டே அரிசியைத்தான் வாங்குவான்.

சரி, நான் அனுப்பிய போட்டோவில் இருந்த சாதத்துக்கு வருகிறேன். பிரியாணியா என்று கேட்டிருந்தாய். இல்லை. அது ஒகோவா. மொச்சிகோமே என்ற பசையரிசியைக் கோழியும் காய்களும் சேர்த்து ஆவியில் வேகவைப்பது. இதையே சிவப்புக் காராமணி மாதிரியான அசுகிப் பயற்றோடு செய்தால் செக்கிஹான். வீட்டில் நல்ல காரியம் என்றால் அதுதான். கறி சேர்த்த ஒகோவாவுக்கு அந்தச் சம்பிரதாயமெல்லாம் கிடையாது, எந்த ஞாயிற்றுக்கிழமையும் செய்யலாம்.

அரிசியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சாதாரண அரிசி கண்ணாடி மாதிரி கொஞ்சம் ஒளி விடும். இது சுண்ணாம்பு வெள்ளை. இங்கே தினம் சாப்பிடும் அரிசியின் மாவுச்சத்தில், சோற்றை உதிர வைக்கும் அமைலோஸ் என்ற பகுதி ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. நம்ம பொன்னியில் அதைவிடக் கூடுதல், அதனால் உதிரும். மொச்சிகோமேயில் அமைலோஸ் அநேகமாக இல்லவே இல்லை, எல்லாம் அமைலோபெக்டின். அதுதான் பசை. ஆறினாலும் சீக்கிரம் விறைத்துப் போகாது; மறுநாள் மதியத்துக்கு உருண்டை பிடித்துக் கொண்டுபோக இதை விட்டால் வேறில்லை.

ஆச்சிக்கு இது புதிதாக இருக்காது. பர்மாவிலிருந்து உங்கள் ஆட்கள் கொண்டுவந்த கவுனியும் பசையரிசிதானே. அதை ராத்திரியே ஊறப்போட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இதற்கும் ஊறல்தான் பாதிச் சமையல். இரவு முழுக்க ஊறினால் தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை அரிசியே குடித்துவிடும். அப்புறம் ஆவி மட்டும் போதும். இப்போது இங்கேயே பலர் சாதா அரிசியைக் கலந்து ரைஸ் குக்கரில் வைத்துவிடுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. அடியில் குழைந்துபோகிறது. ஆவியில் வெந்ததைத் தின்று பார், ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், ஆனால் ஒவ்வொரு அரிசியும் பல்லில் தனியாக அகப்படும்.

உனக்குச் செய்முறை. அரிசி 450 கிராம். எலும்பில்லாத தொடைக்கறி 150 கிராம், சுண்டுவிரல் நுனியளவு நறுக்கிக்கொள். பாதி கேரட், ஊறவைத்த நாலைந்து உலர் ஷீட்டாகே காளான். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடாதே, ருசியே அதில்தான். இங்கே கோபோ என்று நீளமாக ஒரு வேர் போடுவார்கள். கத்தியின் முதுகால் லேசாகச் சுரண்டினால் போதும். தோலை முழுக்கச் சீவினால் மண்வாசனை போய்விடும். பிறகு பென்சில் சீவுவதுபோல் திருப்பித் திருப்பிச் சீவி உடனே தண்ணீரில் போட வேண்டும், இல்லையென்றால் கறுத்துவிடும். உனக்குக் கோபோ கிடைக்காது. தாமரைக்கிழங்கு போடு, இங்கேயும் போடுகிறார்கள்.

இவற்றைக் காளான் தண்ணீரிலும் இரண்டு மேசைக்கரண்டி சோயா சாஸிலும் வேகவிட்டு, வடித்த சாற்றைத் தனியே வை. இங்கே மிரின் என்ற இனிப்பு அரிசி மதுவும் சாகே என்ற அரிசி மதுவும் ஊற்றுவார்கள். இரண்டிலும் சாராயம் உண்டு என்று தெரிந்தால் ஆச்சி பானையையே வெளியே எறிந்துவிடுவார். ஒரு கரண்டி சர்க்கரையோடு நிறுத்திக்கொள்.

செய்ரோ என்ற மூங்கில் ஆவித்தட்டைத் தேடி அலையாதே. இட்லிப் பானை போதும். ஈரத்துணி விரித்து, ஊறவைத்துத் தண்ணீர் வடித்த அரிசியைப் பரப்பி, நடுவில் ஒரு குழி விடு. ஆவி மேலே வர வழி வேண்டும். இருபது நிமிடம் பெரிய தீயில் வைத்து, ஒரு பாத்திரத்தில் கொட்டி, சூட்டோடு சாறு ஒரு டம்ளர், கறி, காய் எல்லாம் சேர்த்துக் கிளறு. முதலில் சாறு தேங்கி நிற்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அரிசி இழுத்துக்கொண்டு பழுப்பாகப் பளபளக்கும். திரும்பத் துணியில் போட்டு இன்னொரு பதினைந்து, இருபது நிமிடம்.

கல்பாசியும் அன்னாசிப்பூவும் போடலாமா என்று உன் கை துறுதுறுக்கும். கூடாது. பட்டை, கிராம்பு எதுவும் வேண்டாம். வேரும் காளானும் கொடுக்கிற வாசனை மெல்லியது, உன் மசாலா டப்பாவைத் திறந்தாலே ஓடிவிடும். வறுத்த எள்ளும் உப்பும் மேலே தூவு, அவ்வளவுதான். முதல் வாய்க்குச் சப்பென்றுதான் இருக்கும். மூன்றாவது வாயில் பேச்சு நின்றுவிடும்.

கவுனியில் இதைச் செய்து பார்க்காதே. தவிடு கடினம், சாற்றை இப்படி வாங்காது. அஸ்ஸாம் போரா அரிசி வெள்ளைப் பசையரிசி, ஆன்லைனில் கிடைக்கிறது என்கிறார்கள். அதை வரவழைத்துக்கொள்.

மீனாள் கல்யாணத்துக்குத் தேதி குறித்ததும் எழுது. ஆகஸ்ட் நடுவில் மட்டும் வேண்டாம், இங்கே முன்னோரை நினைக்கும் ஓபோன் விடுமுறை, விமான டிக்கெட்டைத் தொட முடியாது. வரும்போது ஷீட்டாகேயும் கோபோ விதையும் கேட்டாயே. காளான் கட்டாயம் வரும், விதைக்கு விமான நிலையத்தில் தகராறு செய்வார்கள், விட்டுவிடு. சோயா சாஸை நீயே அங்கே வாங்கிக்கொள். பெட்டிக்குள் பாட்டில் உடைந்தால் கல்யாணப் பட்டுப்புடவைக்கு யார் பதில் சொல்வது என்று இவள் இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

அன்புடன்,
ராமு