திண்ணை இருந்த இடத்தில் ஷட்டர் வேண்டாம்

புதுச்சேரியின் தமிழர் பகுதியில் உயர்விலை வீடுகள் கட்டவிருக்கும் கட்டட நிறுவனத்தாருக்கும் வடிவமைப்பாளர்களுக்கும்,

வணக்கம். எங்கள் தெருவில் அண்மையில் ஒரு பழைய வீடு இடிக்கப்பட்டது. கருங்கல் அடிப்பீடங்களின் மேல் நான்கு மரத்தூண்கள் நின்ற தாழ்வாரமும், உட்கார்ந்து உட்கார்ந்தே வழவழப்பான சிவப்புத் திண்ணையும் இருந்த இடத்தில் இன்று பன்னிரண்டு அடி அகலத்துக்கு இரும்பு ஷட்டர் இறங்கியிருக்கிறது. அதற்குப் பின்னால் இரண்டு கார்கள் நிற்கின்றன. வீடு மாடியில்தான் தொடங்குகிறது. பக்கத்து வீட்டுப் பாட்டி மாலையில் பேச்சுத்துணைக்குப் போய் உட்கார அங்கே இடமில்லை.

புதிய வீடே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1761இல் ஆங்கிலேயர் தரைமட்டமாக்கிய இந்த ஊர் மீண்டும் கட்டப்பட்டதால்தான் இன்று இருக்கிறது. ஆனால் அப்படிக் கட்டியவர்கள் பழைய தெரு வரிசையை விட்டு விலகவில்லை. வீட்டுக்கு வீடு பொதுச்சுவரை ஒட்டி, தெருவைப் பார்த்தே கட்டினார்கள். தாழ்வாரம் வழிப்போக்கருக்கு, திண்ணை வந்தவருக்கு, முற்றம் வீட்டாருக்கு என்ற வரிசை தெருவையும் வீட்டையும் படிப்படியாக இணைத்தது. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் அடைத்துக்கொண்டிருக்கும் மனையில், வீட்டின் நடுப்பகுதிக்கு வெளிச்சத்தையும் காற்றையும் கொண்டுவருவது முற்றம்தான். அதை மூடி, அறைக்கு அறை ஏசி பொருத்திவிட்டு அந்த வீட்டைச் சொகுசு வீடு என்று விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கார் நிறுத்தும் தேவை உண்மையானதே. மனை பின் தெருவரை நீண்டிருந்தால் வண்டி அந்தப் பக்கம் போகட்டும். அதற்கு வழியில்லையென்றால், பல வீடுகளுக்குப் பொதுவாகச் சற்றுத் தள்ளி ஓரிடம் வாங்குங்கள். அதுவும் இயலாதபோது, முகப்பின் ஒரு மூலையில் மரக்கதவு போட்ட ஒற்றை வண்டி வழி போதும். மிச்சமுள்ள அகலத்தைத் திண்ணைக்கு விட்டுவிடுங்கள்.

இன்னொரு வழக்கமும் வருத்தம் தருகிறது. கடற்கரைப் பக்கத்துப் பிரெஞ்சு வீடுகளைப் பார்த்து, மஞ்சள் வண்ணம் பூசி, வெள்ளைப் பட்டி இழுத்து, நான்கு வளைவுகளை ஒட்டிவிட்டு ‘மரபு வீடு’ என்று விளம்பரம் செய்கிறார்கள். இந்தப் பகுதியிலும் பிரெஞ்சுச் சாயல் உண்டு. ஆனால் தரைத்தளம் தாழ்வாரமும் திண்ணையுமாக முழுத் தமிழ் வீடாக இருக்க, அதன் மேல் வளைவுச் சாளரங்களோடு மாடி எழுந்ததே இங்குள்ள கலப்பு. கீழ்த்தளத்தைக் கார்களுக்குக் கொடுத்துவிட்டு மாடியின் அலங்காரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அந்தக் கலப்பில் பாதிதான் மிஞ்சும். இதே பகுதியிலுள்ள வைசியாள் தெருவுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். அங்கே வீடுகளின் முகப்புகளைத் தனித்தனியாகப் பார்க்காமல் தெருவின் வரிசையாகக் கருதிச் சீரமைத்தார்கள். அந்தப் பணிக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபு விருதும் கிடைத்தது.

அக்கம்பக்கத்துச் சுவர்களையும் நினைவில் கொள்ளுங்கள். சுண்ணாம்புச் சாந்தில் எழுந்த பழைய செங்கல் சுவரை ஒட்டி, முட்டுக் கொடுக்காமல் ஆழமாகத் தோண்டினால் அது விரிசல் விடும். அதன்மேல் சிமெண்ட் பூச்சு போட்டால் ஈரமும் உப்பும் உள்ளேயே தங்கிச் செங்கல் பொரிந்து உதிரும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவருகிறார்கள் என்றாலும் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் விலைக்கு அவர்களுடைய கூலி பெரிய சுமையல்ல.

வரைபடத்தை அனுமதிக்குக் கொடுக்கும் முன், உங்கள் மனையை மட்டும் வரையாமல் இருபுறமும் ஐந்தைந்து வீடுகளைச் சேர்த்து, தூண், கொடுங்கை (சுவருக்கு வெளியே நீளும் வளைந்த விளிம்பு), கைப்பிடிச்சுவர் ஆகியவற்றின் உயரங்களோடு தெருமுகப்பை வரையுங்கள். அந்தப் படத்தை மனை வாசலில் ஒரு மாதம் மாட்டி வையுங்கள். தெருவில் இருக்கும் நாங்கள் பார்த்து எங்கள் கருத்தைச் சொல்வோம்.

அன்புடன்,
தமிழர் பகுதியில் வசிக்கும் ஒருவர்