மலை முதலில், கடல் பிறகு

ஏற்காடு,
ஞாயிறு காலை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ வாட்ஸப்பில் அனுப்பிய இலங்கைப் பயணத் திட்டத்தைப் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் பிரின்ட் போட்டு வாங்கி, மூன்று நாளாகச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

திட்டத்தில் ஒரே ஒரு தப்பு. திருகோணமலையில் நாலு நாள் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலில் முங்க இறங்குகிறாய். ஐந்தாம் நாள் காலையிலும் ஒரு தடவை இறங்கிவிட்டு, மதியமே கார் பிடித்து ராத்திரிக்குள் தேயிலை மலையில் இருக்கும் அட்டன் போய்ச் சேருவதாகப் போட்டிருக்கிறாய். அம்மா பிறந்த தோட்டத்தைக் கடைசியில் வைத்தால் மனசுக்கு நிறைவாக இருக்கும் என்று நினைத்திருப்பாய். அந்த வரிசையைத் திருப்பிப் போடு. ஏன் என்று பிறகு வருகிறேன். முதலில் நீ கேட்டதற்குப் பதில்.

தென்மேற்குக் கரையில் இருக்கும் ஹிக்கடுவையா, கிழக்குக் கரையில் இருக்கும் திருகோணமலையா என்று கேட்டாய். உன் சிநேகிதி ஹிக்கடுவையில் எடுத்த படங்களில் தண்ணீர் கண்ணாடியாட்டம் இருக்கிறது, சரி. அவள் போனது தை மாதம். நீ போவது ஆகஸ்ட். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று அந்தத் தீவின் மேற்குக் கரையையும் தெற்குக் கரையையும் போட்டு அடிக்கும். அலை பெரிசு, தண்ணீர் கலங்கல், கையை நீட்டினால் விரல் தெரியாது. அதே மாதங்களில் கிழக்குக் கரை அடங்கிக் கிடக்கும். ஐப்பசிக்கு மேல் வாடை திரும்பினால் கிழக்கு கலங்கி, பிறகு மேற்கு தெளியும். இது எனக்கு ஆச்சரியமே இல்லை. ஏற்காட்டு அடிவாரத்தில் சுள்ளென்று வெயில் அடிக்கும்போதே மலைப்பாதையில் அறுபதடிப் பாலத்துக்கு மேலே வைப்பர் போட்டுக்கொண்டு பஸ் ஓட்டிப் போனவன் நான். அவள் படத்தைப் பார்த்து நீ ஆகஸ்டில் ஹிக்கடுவை போனால் ஓட்டல் அறையில் உட்கார்ந்து கேரம் போர்டுதான் ஆடவேண்டும். அதனால் கிழக்கு.

கிழக்கிலும் எங்கே என்பதில் உனக்குக் கொஞ்சம் ஆசை அதிகம். மட்டக்களப்புக்கு வெளியே கிடக்கும் ஹெர்மிஸ் கப்பலைப் பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறாய். 1942 ஏப்ரல் 9-ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்த விமானந்தாங்கிக் கப்பல் அது; 307 பேர் அதில் செத்தார்கள். அது கிடப்பது ஏறக்குறைய 53 மீட்டர் ஆழத்தில். உன் கையில் இருக்கும் முங்குகிற பயிற்சி அட்டை 18 மீட்டருக்கு. பொழுதுபோக்காக முங்குகிறவர்களுக்கு எல்லையே 40 மீட்டர்தானாம். புதுச்சேரியில் நாலு நாள் படித்துவிட்டு அங்கே போகிறேன் என்பது, எல்.எல்.ஆர் வாங்கிய மறுநாள் மலைப்பாதையில் லாரி ஓட்டுகிற கதை. அதே நாளில் மூழ்கிய எண்ணெய்க் கப்பல் ஒன்று பாசிக்குடா பக்கம் இருக்கிறது, பிரிட்டிஷ் சார்ஜென்ட் என்று பேர். அதுவும் இருபது மீட்டரைவிட ஆழத்தில்தான். யாராவது "பரவாயில்லை, கூட்டிக்கொண்டு போகிறேன்" என்று சொன்னால் அந்த ஆளிடம் போகவே போகாதே. அடுத்த அட்டை வாங்கிய பிறகு அந்த எண்ணெய்க் கப்பலைப் பார்த்துக்கொள்ளலாம். கப்பல் எங்கேயும் ஓடிவிடாது.

உனக்கு ஏற்ற இடம் நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாமலைதான். கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர். 2003-இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். ஆழம் குறைவு, பவளம் நிறைய. கறுப்புத் துடுப்பு நுனிச் சுறாக்கள் முழங்கால் தண்ணீர் வரைக்கும் வருமாம். அவை உன்னை ஒன்றும் செய்யாது என்று எல்லோரும் சொல்கிறார்கள், அம்மாவிடம் மட்டும் இதைச் சொல்லாதே. கூட்டம் வரும் இடம். பவளத்தின் மேல் ஏறி நின்று செல்பி எடுக்கிறவர்களும் இருப்பார்கள். நீ நிற்காதே, விடிகாலைப் படகில் போ.

இன்னொரு இடம், எனக்குப் பிடித்தது, திருக்கோணேச்சரம் நிற்கிற பாறையின் அடிவாரக் கடல். பாடல் பெற்ற தலம். பழைய கோயிலைப் போர்ச்சுக்கீசியர்கள் 1620-களில் இடித்துத் தள்ளினார்கள். 1956-இல் விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவர் கூட்டாளி மைக் வில்சனும் அங்கே முங்கியபோது, செதுக்கின தூண்கள் கடலடியில் கிடப்பதைக் கண்டார்கள். நீ எட்டாவது படிக்கும்போது மேட்டூர் அணையில் தண்ணீர் வற்றிப்போய், பண்ணவாடியில் உன்னைத் தோளில் தூக்கி நந்தி சிலையைக் காட்டினேனே, ஞாபகம் இருக்கிறதா? எட்டாவது படிக்கிற பெண்ணைத் தோளில் தூக்கினதற்கு அம்மா திட்டினாள். சேறு முழங்கால் அளவு, வேறு என்ன செய்வது. "இந்தச் சாமிக்கு மூச்சு முட்டாதாப்பா?" என்று கேட்டாய். கோணேச்சரத்தில் தண்ணீர் வற்றுமென்று காத்திருக்க முடியாது, நீயே இறங்கிப் பார்க்க வேண்டும். வழிகாட்டியிடம் ஆழம் எவ்வளவு, நீரோட்டம் எப்படி என்று கேட்டுவிட்டு, உன் 18 மீட்டருக்குள் காட்டுவதை மட்டும் பார்.

அடுத்தது காது. முப்பது வருஷம் இந்த இருபது கொண்டை ஊசி வளைவிலும் ஏறி இறங்கினவன் என்கிற உரிமையில் சொல்கிறேன். கீழே இறங்கும்போது பின் சீட்டில் கைக்குழந்தை அழ ஆரம்பித்தால் எத்தனையாவது வளைவு என்று பார்க்காமலே சொல்வேன். அடைப்பு. எச்சில் விழுங்கத் தெரிந்த பெரியவர்களுக்குப் பிரச்சினை இல்லை. ஒரு தடவை கடுமையான சளியோடு ட்யூட்டிக்குப் போய், மூன்று நாள் வலது காது கேட்காமல் கண்டக்டர் விசிலை அனுமானத்தில் வைத்து ஓட்டினேன். பக்கத்து வீட்டு ரிட்டையர்ட் இயற்பியல் வாத்தியாரிடம் இதைச் சொன்னபோது கணக்குப் போட்டுக் காட்டினார்: இங்கிருந்து சேலம் வரை மொத்த மலையும் இறங்கினாலும் காதின் மேல் ஏறுகிற அழுத்தம், ஒன்றரை மீட்டர் தண்ணீர் தருகிற அழுத்தத்துக்குக் கூடத் தேறாது. நீ பத்து மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்கு! நான் பேப்பரைத் திரும்ப வாங்கிப் பார்த்தேன். அப்படித்தான் இருக்கிறது. ஆகவே சளி பிடித்திருந்தால் அன்றைக்கு இறங்காதே. கட்டின பணம் போனால் போகட்டும். காது வலித்தால் அமுக்கிக்கொண்டு கீழே போகாதே, ஒரு மீட்டர் மேலே வந்து சரிசெய்துகொள்.

வாழப்பாடிப் பெரியப்பா கிணற்றில் சுரைக்குடுக்கையைக் கட்டி உன்னைத் தள்ளிவிட்டபோது அடியில் போய் மண் எடுத்துவந்து காட்டியவள் நீ. அந்தத் தைரியம்தான் எனக்குப் பயம். கிணற்றில் மூச்சை அடக்கிப் போனாய். இங்கே மூச்சை அடக்கவே கூடாது, முக்கியமாக மேலே வரும்போது.

இப்போது வரிசைக்கு வருகிறேன். அடிவாரத்தில் வாங்கின சிப்ஸ் பாக்கெட் மேலே வந்து சேரும்போது தலையணையாட்டம் உப்பிக்கொள்ளும், சின்ன வயதில் அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு தூங்குவாய். மேலே போனால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது, உள்ளே இருக்கிற காற்று விரிகிறது, அவ்வளவுதான். கடலுக்குள் இருக்கும்போது உன் ரத்தத்திலும் சதையிலும் நைட்ரஜன் ஊறியிருக்கும். கரைக்கு வந்த பிறகும் அது மெதுவாகத்தான் வெளியேறும். அதற்குள் உயரம் ஏறினால் கோலி சோடாவைத் தட்டித் திறந்த மாதிரி உள்ளேயே குமிழி கட்டும். மூட்டு வலியில் ஆரம்பித்து, கை கால் விழுந்துவிடுகிற வரைக்கும் போகலாம். விமானத்துக்கு இந்த விதி உனக்குப் பாடத்தில் வந்திருக்கும்: ஒரே ஒரு தடவை முங்கினால் 12 மணி நேரம், பல நாள் பல தடவை என்றால் குறைந்தது 18 மணி நேரம் கழித்துத்தான் ஏற வேண்டும். அதை நீ ஒழுங்காகப் போட்டிருக்கிறாய். மலையை மட்டும் மறந்துவிட்டாய். அட்டன் 1,200 மீட்டருக்கு மேலே. அங்கிருந்து நுவரெலியா போகலாம் என்றும் எழுதியிருக்கிறாய், அது 1,868 மீட்டர், நம் ஏற்காட்டைவிட உயரம். காலையில் கடலுக்குள் இருந்துவிட்டு ராத்திரி அங்கே நிற்பது விமானம் ஏறுவதற்குச் சமம். காரில் போவதால் யாருக்கும் உறைக்காது.

நீ திரும்பி நேரே ஏற்காட்டுக்கு வருவதற்கும் இப்படித்தான் முதலில் பயந்தேன். வாத்தியார் சிரித்தார். விமானத்துக்குள் இருக்கிற காற்றே இந்த மலையைவிட உயரத்துக் காற்றுக்குச் சமமாம். அதைத் தாண்டி வந்தவளுக்கு இது ஒன்றுமில்லை.

ஆகவே கொழும்பில் இறங்கு, மலை ரயிலில் அட்டன் போ. மண்சரிவில் பாதை அடைபடுவது உண்டு, ரயில் ஓடுகிறதா என்று கேட்டுக்கொண்டு கிளம்பு. ஆகஸ்டில் அந்தப் பக்கம் மழை, அட்டை கடிக்கும், உப்பு எடுத்துக்கொள். பெரஹரா திருவிழாச் சமயமாக இருந்தால் கண்டியில் அறை கிடைக்காது, தங்காமல் தாண்டிவிடு. பிறகு தம்புள்ளை வழியாகத் திருகோணமலை. கடைசி நாள் கடலில் இறங்காதே, கோணேசரைக் கும்பிடு. அந்தப் பாறை உயரம் பயப்படுகிற அளவில்லை. கன்னியா வெந்நீர்க் கிணறுகளையும் பார். மறுநாள் கொழும்புக்குச் சமவெளிச் சாலை.

சுறாவை மட்டும் விட்டுவிட்டு இதையெல்லாம் சத்தமாகப் படிக்கிறேன், அம்மா சமையல்கட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பினார்கள் என்று பதினோரு வயதில் தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரம் வருகிறவரை வாந்தி எடுத்தவள். அதற்குப் பிறகு கடல் பக்கமே போனதில்லை. இன்றைக்கும் கடலைக்காயைக் கச்சான் என்றுதான் சொல்கிறாள். தோட்டத்து வரிசை வீடான லயத்தையோ, ஆள் எடுக்கிற பிரட்டுக்களத்தையோ பார்க்க வேண்டும் என்று கேட்கவில்லை. லயத்துக்குக் கீழே தண்ணீர் கொட்டுகிற ஒரு பீலி இருந்ததாம், அதில் இன்னும் தண்ணீர் வருகிறதா என்று மட்டும் கேட்கச் சொன்னாள். அங்கே போனதும் வீடியோ காலில் கூப்பிட்டு அதைக் காட்டு. கடலைக் காட்டாதே, அவளுக்குத் தலை சுற்றும். அதை எனக்குத் தனியாக அனுப்பு.

அன்புடன்,
அப்பா