இலங்கைத் தமிழ் அகதிகளைச் ‘சட்டவிரோதக் குடியேறிகள்’ என்ற வகையிலிருந்து நீக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
இந்தியாவில் பிறந்து, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் வாழும் இரண்டாம் தலைமுறையினர், தமிழ்நாடு.

பெறுநர்:
உயர்திரு உள்துறைச் செயலாளர் அவர்கள், இந்திய அரசு, புதுதில்லி.
(வழி: மாவட்ட ஆட்சித் தலைவர்)

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எல்லைப் பாதுகாப்பு, சட்டவிரோதக் குடியேற்றம் என்று நாட்டில் பேச்சு எழும்போதெல்லாம் அதன் சுமை எங்கள் முகாம்களின் மீதும் வந்து விழுகிறது. ஒரு நாடு தன் எல்லையைக் காக்க வேண்டும் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. போலி ஆவணத்தோடு நுழைவோரையும், காசு வாங்கிக்கொண்டு ஆட்களைக் கடத்துவோரையும் கண்டுபிடித்துத் தண்டிக்க வேண்டும் என்றே நாங்களும் விரும்புகிறோம். ஆனால், அரசே கரையிலிருந்து அழைத்துச் சென்று, விசாரித்து, பதிவு செய்து, அடையாள அட்டை கொடுத்து வைத்திருக்கும் மக்களையும் அதே பெயரில் அழைப்பதால் எந்த எல்லை பாதுகாப்பாகிறது என்பது எங்களுக்கு விளங்கவில்லை.

1983 ஜூலைக் கலவரத்திலிருந்து 2009இல் போர் முடியும்வரை எங்கள் குடும்பங்கள் பல கட்டங்களாகப் பாக் நீரிணையைக் கடந்து வந்தன. தனுஷ்கோடிக்கு அப்பாலுள்ள மணல்திட்டுகளில் படகோட்டிகள் இறக்கிவிட்டுப் போய்விட, யாராவது வந்து மீட்கும்வரை கைக்குழந்தைகளோடு காத்துக் கிடந்தவர்கள் பலர். அங்கிருந்து மண்டபம் முகாமுக்கு வந்து, பெயர், ஊர், உறவுமுறை என்று கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டே மற்ற முகாம்களுக்குச் சென்றார்கள். மறைந்து வாழ நினைப்பவர்கள் இப்படி நடந்துகொள்வதில்லை. இன்றும் வருவாய்த் துறையினர் ‘செக்கிங்’ வரும் நாளில் அட்டையோடு வரிசையில் நின்று முகம் காட்டுகிறோம். வெளியூருக்குப் பெயின்ட் வேலைக்குப் போனவர் அன்றைக்கு வந்து சேராவிட்டால், அரசு அவருக்குத் தரும் உதவித்தொகையான பணக்கொடைக்குச் சிக்கல் வருகிறது. எங்கள் விவரங்கள் தமிழ்நாடு காவல் துறையின் உளவுப் பிரிவான கியூ பிரிவிடமும் இருக்கின்றன. இவ்வளவு கண்காணிப்புக்கும் உட்பட்டு வாழ்கிற எங்களைச் சட்டம் திருட்டுத்தனமாக நுழைந்தவர்களோடு சேர்த்தே எண்ணுகிறது.

1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தில் 2003ஆம் ஆண்டுத் திருத்தம் கொண்டுவந்த வரையறையே இதற்குக் காரணம். உரிய கடவுச்சீட்டு இல்லாமல் நுழைந்த வெளிநாட்டவர் சட்டவிரோதக் குடியேறி ஆகிவிடுவதால், எத்தனை ஆண்டுகள் இங்கு வாழ்ந்திருந்தாலும் அவரால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க முடிவதில்லை. 2004 டிசம்பர் 3 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு, பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தும் மற்றவர் இந்த வகைக்குள் வந்தால், பிறப்பால் குடியுரிமை கிடைப்பதில்லை. முகாமைச் சேர்ந்தவரை மணந்துகொண்ட உள்ளூர்ப் பெண்ணின் பிள்ளைக்கும் இதுவே நிலைமை. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர்கள் சட்டப்படி பிறப்பிலேயே இந்தியக் குடிமக்கள். அப்படியிருந்தும் முகாமில் பிறந்தவர் கடவுச்சீட்டுக்காக உயர் நீதிமன்றத்தின் படியேற வேண்டியிருந்தது.

பாகிஸ்தான், வங்கதேசத்திலிருந்து அடைக்கலம் தேடி வந்த சிறுபான்மையினருக்கு 2015இல் அரசு கடவுச்சீட்டு விதிகளிலிருந்து விலக்கு அளித்தது. ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்களுக்கும் பின்னர் அது நீட்டிக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அவர்களைச் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற வரையறையிலிருந்தே நீக்கிக் குடியுரிமைக்கு வழி திறந்தது. அவர்கள் பெற்ற நன்மையில் எங்களுக்கு மகிழ்ச்சியே. 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டத்தின் கீழ், 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் அடைக்கலம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கும் அதே போன்ற விலக்கை அரசு அளித்திருக்கிறது. அதற்கு நன்றி தெரிவிக்கும் அதே வேளையில், மற்றவர்களுக்கு எடுத்து வைத்த இரண்டாவது அடியை எங்களுக்கு எடுத்து வைக்காமல் நிறுத்திவிட்டதையும் சுட்டிக்காட்டக் கடமைப்பட்டுள்ளோம்.

முகாம்களில் மலையகத் தமிழர்களும் கணிசமாக இருக்கிறார்கள். 1964ஆம் ஆண்டு இலங்கையோடு செய்துகொண்ட சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை ஏற்றுக்கொள்வதாக இந்தியா ஒப்புக்கொண்டது இந்த மலையக மக்களிலிருந்துதான். இந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் திரும்பி வரும்போது அந்நியர் ஆகிவிடுவது எந்த நியாயத்திலும் பொருந்தாது.

எங்கள் முகாமில் பொறியியல் முடித்த பெண் ஒருவர் வேலைத் தேர்வின் எல்லாச் சுற்றுகளிலும் வென்றும், ஆவணச் சரிபார்ப்பில் கடவுச்சீட்டு எண்ணுக்கான கட்டத்தை நிரப்ப முடியாமல் திரும்பி வந்து, இப்போது துணிக்கடையில் நிற்கிறார். அவர் பிறந்தது, படித்தது எல்லாம் தமிழ்நாட்டில்தான். இலங்கையை அவர் பார்த்ததே இல்லை. எங்கள் பெயரைச் சொல்லித் தேர்தலுக்குத் தேர்தல் வாக்குறுதிகள் வருகின்றன. வாக்குரிமை இல்லாத எங்களால் அவற்றைப் பின்னால் நினைவூட்டக்கூட முடிவதில்லை என்ற ஆற்றாமையோடுதான் இம்மனுவை எழுதுகிறோம்.

ஆகவே, 2025ஆம் ஆண்டு விலக்கு ஆணைக்கு உட்பட்ட அனைவரும் குடியுரிமைச் சட்டத்தின் நோக்கில் சட்டவிரோதக் குடியேறிகள் அல்லர் என்று அறிவிக்கவும், அதற்குச் சட்டத் திருத்தம் தேவையெனில் அதை நாடாளுமன்றத்தில் முன்மொழியவும், அவர்களுக்கு இங்கு பிறந்த பிள்ளைகளின் விண்ணப்பங்களை மாவட்ட அளவிலேயே பெற ஏற்பாடு செய்யவும் வேண்டுகிறோம். 1987 ஜூலை 1க்கு முன் இங்கு பிறந்தவர்களுக்கு நீதிமன்ற ஆணை கேட்காமலேயே கடவுச்சீட்டு வழங்க அறிவுறுத்துமாறும், தாயகம் திரும்ப விரும்புவோரின் பயணத்துக்குத் தடை இல்லாமல் பார்த்துக்கொள்ளுமாறும், இம்மனுவின் மீது எடுக்கும் முடிவை எங்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முகாம்வாழ் மக்கள்