மூடாத குழிக்கு யார் பொறுப்பு?

ஆசிரியருக்கு வணக்கம்.

பைபிளின் பழைய ஏற்பாட்டுச் சட்டங்கள் இந்தக் காலத்துக்கு ஒத்துவராது என்று பலரும் சொல்வதுண்டு. பலிகள் பற்றிய பக்கங்களை நானும் வேகமாகத்தான் புரட்டுவேன். ஆனால் யாத்திராகமம் 21ஆம் அதிகாரம், 33, 34 வசனங்களில் நின்றுவிட்டேன். ஒருவன் குழி வெட்டி மூடாமல் விட்டு, அதில் மாடோ கழுதையோ விழுந்து செத்தால், குழிக்காரன் பணம் கொடுத்தே ஆகவேண்டும். செத்த மாடு அவனுக்கு. 'மாடு ஏன் அந்தப் பக்கம் வந்தது?' என்ற பேச்சே இல்லை! பிற்கால யூத மத குருக்களான ரபிகள், மிஷ்னா என்ற தங்கள் சட்டத் தொகுப்பில் இதை இன்னும் விரித்தார்கள்: 10 கையகல ஆழம் இருந்தாலே அது உயிரைப் பறிக்கும் குழி, ஒழுங்காக மூடியிருந்தால் பொறுப்பில்லை.

படித்ததும் 2019 அக்டோபர் நினைவுக்கு வந்தது. மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டி, பயன்படாத ஆழ்துளைக் கிணறு, 2 வயதுக் குழந்தை. நாலு நாள் டிவி முன்னாலேயே கிடந்தோம். கைவிட்ட கிணறுகளை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2010லேயே வழிகாட்டுதல் கொடுத்திருந்தது.

அப்புறம் உபாகமம் 22:8. புது வீடு கட்டினால், யாரும் விழாதபடி மாடிக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்பு என்கிறது. தமிழ் பைபிளிலும் இதே வார்த்தைதான், நம் கொத்தனார் சொல்வதுபோல. எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் முடிந்து ஒரு வருஷம் ஆகிறது. மொட்டை மாடி ஓரத்தில் இன்னும் துருப்பிடித்த கம்பிகள்தான் நிற்கின்றன. சாயங்காலமானால் பிள்ளைகள் அங்கேதான் பட்டம் விடுகிறார்கள்.

– ஒரு வாசகர், திண்டுக்கல்