நாலடித் தண்ணீர்தானே என்று ஸ்கூபா விற்கும் செட்டிநாட்டு விடுதிக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கொத்தமங்கலம், ஆத்தங்குடி பக்கம் பழைய வீடுகளை விடுதியாக்கி நடத்தும் அண்ணன்மார்களுக்கும் ஆச்சிமார்களுக்கும், அவர்களோடு சேர்ந்து சுற்றுலாத் திட்டம் போடும் ஏற்பாட்டாளர்களுக்கும்,

வணக்கம். நான் இந்தப் பக்கத்துக்காரன்தான். பிழைப்புக்காகக் கடலோரம் போய், சிலிண்டர் காற்றைச் சுவாசித்தபடி தண்ணீருக்குள் முங்கும் ஸ்கூபா டைவிங் சொல்லிக்கொடுக்கிறேன். விசேஷம், திருவிழா என்றால் ஊருக்கு வந்துவிடுவேன். கொஞ்ச காலமாக இங்கே ஒரு புதுச் சரக்கு விற்பனைக்கு வந்திருப்பதைப் பார்க்கிறேன். சமையல் வகுப்பு, மாட்டு வண்டிச் சவாரி, கண்டாங்கிச் சேலை நெசவு, அப்புறம் நீச்சல் குளத்தில் ஸ்கூபா. முதல் மூன்றில் ஏதாவது தப்பினால் குழம்பு கரிக்கும், வண்டி குலுங்கும். நாலாவதில் தப்பினால் ஆள் போய்விடுவார். அதனால்தான் இந்த மடல்.

தொழிலை நிறுத்தச் சொல்லவில்லை. சரியாகச் செய்யச் சொல்கிறேன்.

உறவுக்காரர் ஒருவரின் சாந்திக் கல்யாணத்துக்கு (அறுபதாம் கல்யாணம்) வந்தபோது விருந்தாளிகளை ஒரு விடுதியில் தங்க வைத்திருந்தார்கள். பெயர் வேண்டாம். குளத்தோரம் ஒரே ஒரு ஸ்கூபா செட், அதைச் சுற்றி வரிசை. தண்ணீருக்குள் நின்ற பையன் ஒவ்வொருவருக்கும் அதே சிலிண்டரை மாட்டி, அடியில் உட்கார வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். மூச்சு விட்டால் குமிழி வந்து முகத்தை மறைக்கிறது அல்லவா? அதற்கு அவன் ஒரு வழி வைத்திருந்தான். "நல்லா இழுத்துப் பிடிச்சுக்கோங்க சார், கிளிக் பண்ணினதும் எந்திரிச்சிடலாம்." நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டேன். ஏதோ பொறாமைக்காரன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஸ்கூபாவில் முதல் நாள் சொல்லும் முதல் விதியே மூச்சைப் பிடிக்காதே என்பதுதான். அந்தப் பையன் காசு வாங்கிக்கொண்டு அதைத் தலைகீழாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"நம் பிள்ளைகள் ஊருணியில் மூச்சுப் பிடித்து முங்கு நீச்சல் அடிக்கவில்லையா? ஒன்றும் ஆகவில்லையே" என்று அங்கேயே ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஊருணியில் முங்குகிறவன் மேலே இழுத்த காற்றோடு கீழே போகிறான். ஆழத்தில் அது சுருங்கும், மேலே வரும்போது பழைய அளவுக்கு வரும், அதற்கு மேல் விரியாது. கீழக்கரையிலும் தூத்துக்குடியிலும் தலைமுறை தலைமுறையாக முத்துக்கும் சங்குக்கும் குளித்தவர்கள் மூச்சைப் பிடித்தே குளிக்க முடிந்ததும் இதனால்தான். சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டர் வேறு வேலை செய்கிறது. நாம் இருக்கும் ஆழத்தின் அழுத்தத்திலேயே காற்றைக் கொடுக்கிறது. அந்த அழுத்தத்தில் நெஞ்சு முட்ட இழுத்து, வாயை மூடிக்கொண்டு எழுந்தால், உள்ளே இருக்கும் காற்று விரிய இடம் தேடும். பத்து மீட்டரிலிருந்து வந்தால் இரண்டு மடங்காகும். நாலடியிலிருந்து வந்தால் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு கூடும். இது அற்பமாகத் தெரியலாம். ஆனால் ஏற்கெனவே நிரம்பிய நுரையீரலுக்கு அந்த எட்டில் ஒரு பங்குக்கும் இடமில்லை. திசு கிழிந்து காற்றுக் குமிழி ரத்தத்தில் ஏறி மூளைக்குப் போனால், எழுந்த ஓரிரு நிமிடத்தில் ஆள் சுருண்டு விழலாம். நீச்சல் குளத்திலேயே இப்படி நடக்க முடியும். ஆழம் கூடக் கூட ஆபத்து என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் ஒரு மீட்டர் ஏறும்போது காற்று அதிகமாக விரிவது மேல்மட்டத்துக்குப் பக்கத்தில்தான்.

அதனால் விடுதியில் ஸ்கூபா என்றால் முதலில் வாங்க வேண்டியது சிலிண்டர் இல்லை. ஆளைத் தேடுங்கள். அதிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. "பையன் சர்டிஃபிகேட் வைத்திருக்கிறான்" என்கிறீர்கள். என்ன சர்டிஃபிகேட்? ஓப்பன் வாட்டர் கோர்ஸ் என்ற முதல் நிலைப் பயிற்சி மூன்று நாலு நாளில் முடிகிற விஷயம். பாடம், குளத்துப் பயிற்சி, கடலில் நாலு டைவ். 200 மீட்டர் நீந்திக் காட்ட வேண்டும், 10 நிமிடம் மிதந்து காட்ட வேண்டும். முடித்தவர் இன்னொரு டைவருடன் 18 மீட்டர் வரை போகலாம். இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்க அந்த அட்டை அனுமதி கொடுப்பதில்லை. அதற்கு இன்ஸ்ட்ரக்டர் தகுதி வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பித்திருக்கவும் வேண்டும். பாடி (PADI), எஸ்எஸ்ஐ (SSI) போன்ற பயிற்சி அமைப்புகளில் பெயரையும் எண்ணையும் கொடுத்தால் இவர் இப்போது கற்பிக்கத் தகுதியானவரா என்று பார்த்துவிடலாம். சமையல்காரரை அமர்த்தும் முன் நாலு வீட்டில் விசாரிக்கிறோம். இதற்கும் ஒரு ஐந்து நிமிடம் செலவழியுங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கறாராக இருங்கள். எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் குளத்தில்கூடச் சிலிண்டர் மாட்டக் கூடாது. ஓப்பன் வாட்டர் கோர்ஸுக்குப் பத்து வயதாவது ஆகியிருக்க வேண்டும். பெரியவர்களுக்கும் தண்ணீரில் இறங்கும் முன் ஒரு படிவம் உண்டு: ஆஸ்துமா, வலிப்பு, இதயநோய், காது அறுவை, கர்ப்பம். ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் மருத்துவர் சம்மதம் இல்லாமல் இறக்கக் கூடாது. கல்யாண வீட்டில் யார் படிவம் நிரப்புவார்கள் என்று சிரிக்காதீர்கள். சளி பிடித்தவரைக்கூட இறக்கக் கூடாது. மூக்கடைப்போடு இறங்கினால் காதுக்குள் அழுத்தம் சமமாகாது, செவிப்பறை கிழியலாம். அப்படிக் கிழிய ஆழம் ஒன்றும் அதிகம் தேவையில்லை.

சரி, சாமான்களுக்கு வருகிறேன். அன்று அந்தப் பையன் மாட்டிய செட்டை நான் கையில் எடுத்துப் பார்த்தேன். ரெகுலேட்டரை வாயில் வைத்து ஒரு மூச்சு இழுத்தபடி, சிலிண்டரின் காற்றழுத்தத்தைக் காட்டும் கேஜைப் பார்த்தேன். முள் இறங்கி, மறுபடி ஏறியது. சிலிண்டர் வால்வு முழுக்கத் திறக்கவில்லை என்று அர்த்தம். ஆழம் கூடினால் இழுக்க இழுக்கக் காற்று வராது. இதைக் கண்டுபிடிக்க ஒரு மூச்சுப் போதும், ஆனால் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. வாயில் கடிக்கும் ரப்பரில் பல் தடத்தில் கிழிசல் இருந்தது, அதன் வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். மாற்று ரெகுலேட்டர் என்று மஞ்சள் குழாயில் ஒன்று தொங்கும், அது இந்த செட்டில் இல்லவே இல்லை. கேஜோ முதுகுக்குப் பின்னால் கிடந்தது. மாட்டியவருக்குத் தன் காற்று எவ்வளவு மிச்சம் என்றே தெரியாது.

மாஸ்க் பற்றியும் ஒரு வார்த்தை. நீச்சல் கண்ணாடியைக் கொடுத்து ஸ்கூபா இறக்கும் ஆட்களும் உண்டு. அது கூடாது. மூக்கையும் உள்ளடக்கிய மாஸ்க் என்றால்தான் மூக்கு வழியாகக் கொஞ்சம் காற்று விட்டு அழுத்தத்தைச் சமன் செய்யலாம். இல்லாவிட்டால் கண்ணைச் சுற்றி ரத்தம் கட்டும். அப்புறம் நம் ஊர் மீசை. அடர்த்தியான மீசைக்காரர்களுக்கு மாஸ்க் மூக்குக்குக் கீழே ஒட்டாமல் தண்ணீர் கசியும். பதறிப்போய் ரெகுலேட்டரைத் துப்பிவிட்டு எழ முயல்வார்கள். அதனால் மாஸ்க்குக்குள் தண்ணீர் வந்தால் மூக்கால் ஊதி வெளியேற்றுவதை இடுப்பளவு தண்ணீரில் பழக்கிய பிறகே அடுத்த அடி எடுக்க வேண்டும். போட்டோவுக்காக வரிசையில் நிற்பவர்களுக்கு அந்தப் பொறுமை இருக்காது. இல்லாதவர்களைக் கரையிலேயே உட்கார வையுங்கள்.

சிலிண்டர்கள் கடலோரத்திலிருந்து வாடகைக்கு வருகின்றன. அடியில் மாட்டியிருக்கும் ரப்பர் தொப்பியைக் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? உப்பு அங்கேதான் தங்கி உலோகத்தை அரிக்கும். சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வகம்) இருக்கும் ஊருக்கு உலோக அரிமானம் பற்றி நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கழுத்தில் பொறித்திருக்கும் மாதத்தையும் ஆண்டையும் படியுங்கள். கடைசி நீரழுத்தச் சோதனை முடிந்து 5 ஆண்டு தாண்டியிருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். நிரம்பிய சிலிண்டருக்குள் 200 பார், அதாவது வெளிக்காற்றைப் போல ஏறத்தாழ 200 மடங்கு அழுத்தம் நிற்கிறது. சித்திரை வெயிலில் காருக்குள் பூட்டி வைக்கும் சாமான் இல்லை அது. சுவரில் சாய்த்து நிறுத்தவும் கூடாது. விழுந்தால் உடைவது தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் மட்டுமாக இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

சிலர் சொந்தமாகக் கம்ப்ரசர் வாங்கும் யோசனையில் இருப்பதாகக் கேள்வி. வாங்குங்கள், ஆனால் எங்கே வைப்பீர்கள்? விடுதிகளில் பின்கட்டுக்கு வெளியே, ஜெனரேட்டருக்குப் பக்கத்தில்தான் இடம் இருக்கும். ஜெனரேட்டர் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடைக் கம்ப்ரசர் உறிஞ்சிச் சிலிண்டருக்குள் அடைத்துவிடும். அதற்கு வாசனை கிடையாது, ருசி கிடையாது. தண்ணீருக்குள் அழுத்தத்தோடு சேரும்போது அதன் விஷமும் கூடும். காற்று உறிஞ்சும் குழாய் புகைக்கு எட்டாத உயரத்தில், காற்று வரும் திசையில் இருக்க வேண்டும். ஃபில்டரை மணிக்கணக்கு எழுதி வைத்து மாற்ற வேண்டும். இந்த இரண்டுக்கும் ஆள் இல்லையென்றால் நிரப்பிய சிலிண்டரை வாங்குவதே உத்தமம்.

ஏற்பாட்டாளர்களே, இது உங்களுக்கு. "காலை ராமேசுவரத்தில் இரண்டு டைவ், மதியம் செட்டிநாட்டுச் சாப்பாடு, இரவு மதுரையில் விமானம்" என்று ஒரு திட்டம் கண்ணில் பட்டது. டைவ் முடிந்தால் உடம்பில் நைட்ரஜன் கரைந்து நிற்கும். அது வெளியேறும் முன் உயரத்துக்குப் போனால் குமிழியாகும். ஒரே ஒரு டைவ் என்றால் விமானம் ஏறுவதற்கு முன் 12 மணி நேரமாவது, ஒன்றுக்கு மேல் போனால் 18 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கொடைக்கானலும் இதில் சேர்த்தி. அது 2,000 மீட்டருக்கு மேல். மலைப்பாதையில் காரில் போனாலும் உடம்புக்கு உயரம் உயரம்தான். பாக் விரிகுடாப் பக்கம் ஆழம் குறைவு, ஆபத்தும் குறைவு என்பது உண்மை. அதற்காக மணியைக் குறைக்க வேண்டாம். திட்டத்தை மாற்றுவது ஒன்றும் பெரிய வேலையில்லை. டைவுக்குப் பிறகு ஓர் இரவு செட்டிநாட்டில் தங்க வையுங்கள். மருத்துவ விதியே உங்களுக்கு ஒரு ராத்திரி வாடகை கூட்டிக்கொடுக்கிறது, வேண்டாம் என்பீர்களா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஊருணியில் "பாரம்பரிய ஸ்கூபா" நடத்தலாம் என்று ஒருவர் என்னிடமே கேட்டார். செம்மண் கலங்கிய தண்ணீரில் தன் கை தனக்கே தெரியாது. சில ஊருணிகளில் நடுவில் கிணறு வேறு இருக்கும். புதிதாகக் கற்பவரை அங்கே இறக்குவது கொலைக்குச் சமம். அதோடு அது ஊர்த் தண்ணீர். விட்டுவிடுங்கள்.

செய்யக் கூடியது ஒன்று இருக்கிறது. உலகெங்கும் பாடத்தையும் குளத்துப் பயிற்சியையும் ஓர் ஊரிலும், கடல் டைவ்களை இன்னோர் ஊரிலும் முடிக்கும் முறை உண்டு. குளத்தில் சொல்லிக்கொடுத்த இன்ஸ்ட்ரக்டர் எழுதிக் கொடுக்கும் தாளைக் காட்டினால் கடலோரத்து மையம் மிச்சத்தைத் தொடரும். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருபவர் இரண்டு நாள் உங்கள் திண்ணையில் பாடம் படித்து, உங்கள் குளத்தில் பழகி, பிறகு புதுச்சேரிக்கோ ராமேசுவரத்துக்கோ போகட்டும். ஐந்தாறு விடுதிகள் சேர்ந்து ஒரு நல்ல இன்ஸ்ட்ரக்டரை சீசனுக்கு அமர்த்தினால் செலவும் கையைக் கடிக்காது. தேவகோட்டை தாண்டினால் தொண்டி. அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை அங்கே இருக்கிறது. அங்கே படித்தவர்களைக் கூப்பிட்டு மாலையில் கடலைப் பற்றிப் பேச வைக்கலாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா, நினைத்தபடி இறங்க முடியாது என்பதும், தஞ்சை, புதுக்கோட்டைக் கரையோரம் 2022-ல் கடற்பசுவுக்கென்று 448 சதுர கிலோமீட்டர் காப்பகம் அறிவித்தார்கள் என்பதும் விருந்தினருக்கு இங்கேயே தெரிந்துவிடும்.

அதுவரை குளத்தோரம் ஒரு ஆக்சிஜன் சிலிண்டரும் முகமூடியும், அதைக் கொடுக்கத் தெரிந்த ஒரு ஆளும் இருக்கட்டும். டைவ் விபத்துக்குக் கொடுக்க வேண்டிய முதலுதவி அதுதான். உடம்பில் ஏறிய குமிழியைச் சுருக்க அழுத்தம் கூட்டிய அறைக்குள் வைத்துத் தரும் அழுத்த அறை சிகிச்சை எந்த மருத்துவமனையில் கிடைக்கும், அங்கே போக எவ்வளவு நேரமாகும் என்று இப்போதே விசாரித்து, வரவேற்பறைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். இந்த இரண்டும் ஆகும் வரை ஸ்கூபா பலகையைக் கழற்றி வையுங்கள்.

சாமான் வாங்கும் முன் யாராவது பார்த்துச் சொல்ல வேண்டுமென்றால் நான் பங்குனி முழுக்க ஊரில்தான் இருக்கிறேன். காசு வேண்டாம், காபி போதும்.

அன்புடன்,
பள்ளத்தூர்ப் பக்கத்து ஸ்கூபா இன்ஸ்ட்ரக்டர்